பெல் ஹவுசிங்கில் சொட்டிய சிவப்பு எண்ணெய்: நான்கு எஸ்டிமேட், ஒரு ஹோஸ்

வண்டிக்கு வயது 11. ஓடியது 1,42,000 கி.மீ. முன் சக்கரங்களை இயக்கும் வண்டி, டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உறுப்பு) வைத்த 6 கியர் ஆட்டோமேட்டிக், கியர் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கிடையாது. குறை இரண்டு. நிறுத்திய இடத்தில் காலையில் சிவப்புப் பொட்டு. முதல்முறை ரிவர்ஸ் போட்டால் கியர் விழ இரண்டு நொடி, விழும்போது ஓர் உதறல்.

நான்கு இடங்களில் எஸ்டிமேட் வாங்கினேன். பணத்தைச் சொல்வதைவிட விகிதத்தைச் சொன்னால்தான் விஷயம் புரியும். முதல் எஸ்டிமேட்டை 100 என்று வைத்தால் இரண்டாவது 55, மூன்றாவது 24. கடைசியில் என் கையைவிட்டுப் போனது 6. நால்வரும் பார்த்தது ஒரே வண்டியை, ஒரே ஒழுகலை. 100-க்கும் 6-க்கும் நடுவே என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

முதலில் அது என்ன எண்ணெய்?

பொட்டைப் பார்த்ததும் கியர்பாக்ஸ்தான் என்று நான் முடிவு கட்டவில்லை. சிவப்பாக ஒழுகக்கூடியவை ஒரு காரில் குறைந்தது மூன்று உண்டு: ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், சில வகைக் கூலன்ட். என் வண்டியில் ஸ்டீயரிங் மின்சாரத்தில் இயங்குவது, அதனால் அதில் எண்ணெயே கிடையாது. கூலன்டா என்று பார்க்க ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தரையிலிருந்த சொட்டை ஒரு குச்சியால் எடுத்து விட்டேன். கூலன்ட் என்றால் கரைந்திருக்கும். இது கண்ணாடி போல மேலே மிதந்தது. கியர் ஆயில்தான்.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலில் சிவப்புச் சாயம் கலப்பதே இதற்காகத்தான். ஒழுகினால் இன்ஜின் ஆயில் இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியவேண்டும். அந்தச் சாயம் நிரந்தரமில்லை. ஓட ஓடப் பழுப்பேறும். வண்டிக்கு அடியில் பழுப்பாக இருப்பதெல்லாம் இன்ஜின் ஆயில் என்று நினைத்தால் ஏமாந்து போவோம்.

அன்றிரவு ஒரு பெரிய அட்டையை வண்டிக்கு அடியில் விரித்து, முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்தேன். காலையில் ஐந்து பொட்டுகள், எல்லாம் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கோட்டுக்கு நேர் கீழே. அந்த இடத்துக்குப் பெயர் பெல் ஹவுசிங். மணி வடிவக் கூடு, உள்ளே டார்க் கன்வர்ட்டர் சுற்றிக்கொண்டிருக்கும். செலவுக் கணக்கு தலைகீழானதற்கு முழுக் காரணமும் இந்த இடம்தான்.

மூன்று எஸ்டிமேட்டுகள்

அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் வண்டியை லிஃப்ட்டில் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். "பெல் ஹவுசிங்ல லீக் சார். கியரும் லேட்டா விழுதுன்னு சொல்றீங்க. கியர்பாக்ஸ் அசெம்பிளியே மாத்திடலாம்." பழையதைக் கழற்றிவிட்டு முழுசாகப் புதியது. தொகை, வண்டியை விற்றால் கிடைக்கக்கூடியதில் பாதிக்கு மேல். எஸ்டிமேட் தாளில் ஒரே வரி.

இரண்டாவது இடம் கியர்பாக்ஸ் ஓவர்ஹாலுக்குப் பேர்போன ஒர்க்‌ஷாப். அங்கே ஆயில் அளவையும் பார்த்தார்கள். லிஃப்ட்டில் தூக்கி, இன்ஜின் அணைந்திருக்கும்போதே, அளவு பார்க்கும் லெவல் பிளக்கைத் திறந்தார்கள். ஆயில் கொட்டியது. "அளவு சரியாத்தான் இருக்கு. அப்புறமும் கியர் லேட்டா விழுதுன்னா உள்ள கிளட்ச் போயிருக்கும் சார்." அந்த ஒரு வாக்கியத்தில் எஸ்டிமேட் 55-இல் வந்து நின்றது.

மூன்றாமவர் சொன்னதில் ஓரளவு நியாயம் இருந்தது. "முன் சீல் போயிருக்கு. சீல் விலை ஒண்ணும் இல்ல, ஆனா கியர்பாக்ஸை இறக்கணும், அந்த லேபர்தான்." கன்வர்ட்டரின் கழுத்து கியர்பாக்ஸ் பம்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் முன் சீல். அது கிழிந்தால் பெல் ஹவுசிங் அடியில்தான் சொட்டும். பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர் இதையே சொல்வார்கள்.

இவர்களில் யாரும் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. சர்வீஸ் சென்டரின் பயம் வேறு. ஒரு சீலை மட்டும் மாற்றிக் கொடுத்து, ஆறு மாதத்தில் உள்ளே வேறு ஏதாவது போனால் பழி அவர்கள் தலையில் விழும். அசெம்பிளியையே மாற்றினால் வாரன்டி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அந்த நிம்மதிக்கான விலையை என்னைக் கொடுக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஓவர்ஹால் செய்பவர் கண்ணுக்கு எல்லாமே ஓவர்ஹால். எனக்கு உறுத்தியது வேறொன்று. மூவரில் ஒருவர்கூட அடிப்பகுதியைக் கழுவவில்லை. ஒழுகல் எங்கே சொட்டுகிறது என்று பார்த்தார்களே தவிர, எங்கே தொடங்குகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது இடத்தில் ஒரு கேள்வி கேட்டேன்: "முன் சீல்தான்னு எப்படித் தெரியும்?" "இங்க வந்தா அதுதான் சார்." அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்ததோடு ஓட்டுவதை நிறுத்தினேன். இது முக்கியம். ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. கிளட்சுகளை அழுத்திப் பிடிக்கும் அழுத்தமும் அதுதான், கன்வர்ட்டருக்குள் விசையைக் கடத்துவதும் அதுதான், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், எண்ணெய் நுரைக்கும், அழுத்தம் விழும், கிளட்ச் தகடுகள் வழுக்கி எரியும். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. ஒழுகினால் 200 நாளில் ஒரு லிட்டர் காலி. டிப்ஸ்டிக் இல்லாத வண்டியில் இதை யாரும் கவனிப்பதில்லை. கியர் தாமதமாக விழும்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் 6-இல் முடியும் வேலையை 55-க்கான வேலையாக்கும். நான்காவது இடத்துக்கு வண்டியைத் தட்டையான மேடை வைத்த லாரியில் ஏற்றித்தான் அனுப்பினேன். முன் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துக்கொண்டு போகவே கூடாது. இன்ஜின் ஓடாதபோது பம்பும் ஓடாது, உள்ளே எண்ணெய் சுற்றாமலே கியர்கள் சுழலும்.

நான்காவது ஆள்

தனியாக ஒர்க்‌ஷாப் நடத்துபவர், அதிகம் பேசாதவர். முதலில் கேட்டது: "யாராவது ஆயில் ஊத்தினாங்களா?" இல்லை என்றேன். அளவுக்கு மேல் ஊற்றினாலும் எண்ணெய் நுரைத்து மேலே உள்ள மூச்சுக்குழாய் வழியாக வெளியேறும், அது வழிந்து பெல் ஹவுசிங்கில் சொட்டும், சீல் போனது போலவே தெரியும். மூச்சுக்குழாய் மண் அடைத்துப் போனால் உள்ளழுத்தம் ஏறி, நல்ல சீல்களே கசியத் தொடங்கும். அவர் கையை விட்டு அந்தக் குழாயின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். திறந்திருந்தது, உலர்ந்திருந்தது.

பிறகு கழுவினார். டிகிரீஸர் அடித்து, பிரஷ் போட்டு, தண்ணீர் விட்டு, காற்று அடித்து உலர்த்தினார். முக்கால் மணி நேர வேலை. அதன்பின் ஒழுகலைப் பார்ப்பதற்கு முன்பே பெல் ஹவுசிங்கின் அடியில் இருந்த ஒரு சின்ன ரப்பர் மூடியைப் பிடுங்கி, அந்த ஓட்டை வழியாகக் குழாய்க் கேமராவை உள்ளே விட்டார். திரையைப் பார்க்க என்னையும் கூப்பிட்டார்.

கன்வர்ட்டரின் பின்பக்கம் தெரிந்தது. சாம்பல் நிறத் தூசி, உலர்ந்த உலோகம். எண்ணெய் ஈரம் துளிகூட இல்லை. "முன் சீல் போயிருந்தா கன்வர்ட்டர் சுத்துற வேகத்துல இங்க எல்லாம் வாரி அடிச்சிருக்கும் சார். தூசி இப்படி உக்காராது." முன் சீல் கதை அந்தத் திரையிலேயே செத்துப்போனது. பெல் ஹவுசிங்கின் வெளியே நனைந்திருந்தது. உள்ளே காய்ந்திருந்தது. அப்படியானால் எண்ணெய் மேலேயிருந்து வந்து, வெளிப்புறமாக வழிந்து, தாழ்வான இடம் என்பதால் அங்கே சொட்டியிருக்கிறது.

எங்கிருந்து? லிஃப்ட்டில் குளிர்ந்து நின்றபோது எங்குமே ஈரம் தெரியவில்லை. எண்ணெயில் புற ஊதா ஒளியில் மின்னும் சாயத்தைக் கலந்து, கூடவே குறைந்திருந்த எண்ணெயில் கொஞ்சம் மேல்நிரப்பாக ஊற்றி, சுமார் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தோம். சூடாக இருக்கும்போதே மறுபடி தூக்கினார். ஊதா விளக்கை அடித்ததும் பச்சை மஞ்சளாக ஒரு கோடு. பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து மேலே ஏறி, கூட்டின் தோள் வழியாக முன்பக்கம் போய், கூலர் லைனில் முடிந்தது. அதாவது, அங்கே தொடங்கியிருந்தது.

கூலர் லைன் என்பது கியர்பாக்ஸின் சூடான எண்ணெயை முன்னால் உள்ள கூலருக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் குழாய். இரு முனைகளில் அலுமினியக் குழாய், நடுவே ரப்பர் ஹோஸ், சேரும் இடத்தில் ஓர் உலோகக் காலரை நசுக்கிப் பிடித்திருப்பார்கள். வருடக்கணக்கில் சூடும் குளிரும் பட்டு, காலருக்குள் ரப்பர் இறுகிச் சுருங்கியிருக்கிறது. குளிர்ந்து நிற்கும்போது ஒன்றுமில்லை. எண்ணெய் சூடாகி, அழுத்தத்தோடு ஓடும்போது மட்டும் மயிரிழை இடைவெளியில் கசிந்திருக்கிறது. ஓடும் வண்டியில் காற்று முன்னாலிருந்து பின்னால் அடிப்பதால், கசிந்தது எல்லாம் பின்னோக்கிப் பரவி, கூட்டின் மேல் படர்ந்து கீழே வந்துவிட்டது. கசிவைத் தேடுபவர்கள் நனைந்த இடங்களிலேயே உயரமானதையும் முன்னால் இருப்பதையும் பார்க்கவேண்டும் என்பது இதனால்தான். சொட்டும் இடம் கடைசி ஸ்டாப்.

அப்படியானால் கியர் ஏன் தாமதமாக விழுந்தது?

எனக்கு இருந்த மிச்சச் சந்தேகம் இது. இரண்டாவது இடத்தில் அளவு சரி என்றார்களே.

அவர் ட்ரெயின் பிளக்கைத் திறந்து, வடிந்த எண்ணெயை அளவுக் கோடு போட்ட ஜாடியில் பிடித்தார். சர்வீஸ் மேனுவல்படி இந்த கியர்பாக்ஸில் சரியான அளவு இருந்தால் வடிய வேண்டியது 3.2 லிட்டர். சோதனைக்கு ஊற்றியதைக் கழித்துப் பார்த்தால் ஜாடியில் நின்றது 1.9. ஆக, 1.3 லிட்டர் பற்றாக்குறை. மொத்தக் கொள்ளளவே 7 லிட்டர் உள்ள பெட்டியில் இது சின்னக் குறை இல்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில் எண்ணெய் எல்லாம் அடியில் இறங்கிவிடும். காலையில் இன்ஜினைப் போட்டதும் பம்ப் அதை மேலே ஏற்றி, கன்வர்ட்டரையும் வழிகளையும் நிரப்பவேண்டும். அதற்குள்ளேயே கீழே மட்டம் இறங்கிப் பம்ப் காற்றை இழுத்தால் ரிவர்ஸ் கிளட்சுக்கு அழுத்தம் தாமதமாகத்தான் போகும். அந்த இரண்டு நொடி அதுதான்.

இரண்டாவது இடத்தின் தவறு இங்கே தெரிந்தது. டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகளில் அளவு பார்க்கும் பிளக்குக்குள் குட்டையான ஒரு வழிகுழாய் நிற்கும். இன்ஜின் ஓடும்போது, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, மட்டம் அந்தக் குழாயின் விளிம்பில் இருக்கவேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டால் மேலே இருந்ததெல்லாம் கீழே இறங்கி மட்டம் விளிம்பைத் தாண்டும். எண்ணெய் குறைவாக இருக்கும் பெட்டியில்கூடத் திறந்தவுடன் கொட்டும். அதைப் பார்த்து அளவு சரி என்றார்கள். கொட்டியதைத் திரும்ப ஊற்றவும் இல்லை. அந்த 1.3 லிட்டரில் ஹோஸ் விட்டது எவ்வளவு, அவர்கள் விட்டது எவ்வளவு என்று இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தச் சூட்டையும் சும்மா குறிப்பிடுவதில்லை. எண்ணெய் 60 டிகிரி சூடேறினால் கனஅளவு நான்கைந்து சதவீதம் கூடும். 7 லிட்டரில் அது கால் லிட்டருக்கு மேல். இவர் ஸ்கேனரை மாட்டி எண்ணெயின் சூட்டைத் திரையில் பார்த்தபடி, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு கியர் நிலையிலும் சில நொடி நிறுத்தி, 40 டிகிரி வந்ததும் ஓடும் இன்ஜினிலேயே பிளக்கைத் திறந்தார். முதலில் கனமாக வழிந்து, மெலிந்து, நூலாகி, சொட்டாக மாறியபோது மூடினார். பிளக் வாஷர் புதிது.

கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான பேனைக் கழற்றியதில்தான் எனக்கு நிஜமான நிம்மதி. உள்ளே இருக்கும் காந்தங்களில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருந்தது. இத்தனை கிலோமீட்டருக்கு அது இயல்பு. விரலில் தேய்த்தால் மாவு போல இருந்தது, நெருடவில்லை. ஊசி ஊசியாக இரும்புத் துணுக்கோ, பித்தளை நிறச் சிதறலோ, கருகிய தகட்டுத் துகளோ வந்திருந்தால் நான் இரண்டாவது இடத்துக்கே திரும்பிப் போயிருப்பேன். அளவு சரியாக இருந்தும் கியர் வழுக்கினால், எண்ணெய் கருகிய நாற்றம் அடித்தால், அல்லது ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி எண்ணெயும் கூலன்டும் கலந்து இளஞ்சிவப்புப் பால் போல வந்தால், அப்போதும் அந்த 55 நியாயமான தொகைதான். கூலன்ட் கலந்த பெட்டியில் கிளட்ச் தகட்டின் ஒட்டுப் பசையே விட்டுப்போகும். ஹோஸ் மாற்றி அதைக் காப்பாற்ற முடியாது.

எண்ணெயையும் மாற்றினோம். 11 வருடத்தில் முதல்முறை. ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று சில வண்டிகளில் சொல்லப்படுவதுண்டு. அப்படிச் சொல்லப்பட்ட வண்டிகள் பலவற்றுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுத்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுளைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இயந்திரம் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்ய அவர் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வடித்து ஊற்றினோம், ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை வடித்து ஊற்றினோம். இரண்டாவது முறைக்குப் பிறகு உள்ளே இருப்பதில் சுமார் 70 சதவீதம் புதியது.

24-ஐக் கொடுத்திருந்தால்

மூன்றாமவரிடம் ஒப்படைத்திருந்தால் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும், நல்ல சீல் போய் இன்னொரு நல்ல சீல் வந்திருக்கும், எண்ணெய் நிரம்பியிருக்கும், ரிவர்ஸும் சரியாக விழுந்திருக்கும். எல்லாம் சரியாகிவிட்டது போலவே ஒரு மாதம் தெரிந்திருக்கும். பிறகு அதே பொட்டு, அதே இடத்தில். உண்மையிலேயே முன் சீல் போயிருந்தாலும் சீலை மட்டும் மாற்றுவது பாதி வேலை. கன்வர்ட்டர் கழுத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா, அந்தக் கழுத்தைத் தாங்கும் பம்பின் புஷ் வளையம் தேய்ந்து கழுத்து ஆடுகிறதா என்று பார்க்காமல் போட்ட புதிய சீல் சீக்கிரமே கிழியும். அந்த எஸ்டிமேட்டில் புஷ் என்ற சொல்லே இல்லை.

இடம்தான் விலை என்பதற்கு மெர்சிடிஸின் 722.6 என்ற 5 கியர் பெட்டி நல்ல உதாரணம். வயர்கள் உள்ளே நுழையும் பிளாஸ்டிக் சாக்கெட்டில் இரண்டு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையங்கள். அவை இறுகிப்போனால் எண்ணெய் வெளியே வழிவதோடு வயர் இழைகள் வழியே ஊறி ஏறி, கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் வரைக்கும் போய்விடும். சாக்கெட்டின் விலை சொற்பம். அதைக் கண்டுபிடிக்காமல் பேன் கேஸ்கெட்டை இரண்டு முறை மாற்றியவர்கள் உண்டு.

ஒழுகலை அடைக்கும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றிப் பாரேன் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இறுகிய ரப்பரை மெதுவாக்கி உப்பவைக்கும் சரக்கு அது. முன் சீல் லேசாகக் கசியும் பழைய வண்டியில் கொஞ்ச காலத்தை வாங்கிக் கொடுக்கும். என் காலருக்குள் அது ஒன்றும் செய்திருக்காது. நல்ல சீல்களையும் சேர்த்து உப்பவைத்திருக்கும்.

கொடுத்த 6-இல் என்னென்ன இருந்தன என்று அவர் எழுதிக் கொடுத்த பில்லில் இருக்கிறது: இரண்டு ஹோஸ்கள் (மற்றதும் அதே வயது), நான்கு ஓ-ரிங், ஃபில்டர், பேன் கேஸ்கெட், பிளக் வாஷர், எண்ணெய், கழுவிய கூலி தனியாக. பேன் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துக் கொஞ்சமாகத்தான் முறுக்கினார். "கைவலுவைக் காட்டினா தகடு வளைஞ்சிடும், அங்கேருந்து புது லீக் ஆரம்பிக்கும்." மேனுவலில் 10 நியூட்டன் மீட்டர் என்றே போட்டிருந்தது.

பழைய ஹோஸைக் கேட்டு வாங்கி வந்தேன். காலரை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தபோது உள்ளே ரப்பர் பிளாஸ்டிக் போலக் கெட்டியாக இருந்தது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. ஓரத்தில் சுற்றிலும் பாதிக்கு ஒரு விரிசல், சாயம் படிந்து பச்சையாக.

அதன்பின் 14 மாதம், 17,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ரிவர்ஸ் போட்டவுடன் விழுகிறது. அட்டையை மாதம் ஒருமுறை விரிக்கிறேன். போன மாதம் ஊதா விளக்கில் வலது ஆக்சில் சீலின் விளிம்பில் லேசான ஈரம் தெரிந்தது, துளியாகவில்லை. துடைத்துவிட்டு, தேதி எழுதி, படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு ஒருவரிடமும் இன்னும் எஸ்டிமேட் கேட்கவில்லை.